பாஷாணத்தோடு பிணைந்த பிளாட்டினம்

சென்ற மாதம் டர்பனின் சாட்ஸ்வர்த்தில் நடந்த ஒரு கல்யாணத்தில், பந்தியில் எனக்கு அடுத்த இலையில் அமர்ந்திருந்த என் தங்கை மகள், விரலில் கிடந்த பிளாட்டின மோதிரத்தைத் திருப்பிக்கொண்டே, "மாமா, பாறைக்குள்ளேயும் இது இப்படித்தான் மின்னிக்கொண்டு கிடக்குமா?" என்று கேட்டாள். தென்னாப்பிரிக்கப் பிளாட்டினச் சுரங்க நகரான ருஸ்டன்பர்க் பக்கத்தில் ஒரு தாது மதிப்பீட்டுக் கூடத்தில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். பாயசம் வருவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய பதில் அதற்கு இல்லை என்பதால், "எழுதி அனுப்புகிறேன்" என்றேன். அந்தப் பதில்தான் இது.

ஆற்று மணலில் பிளாட்டினம் உலோகமாகவே கிடைத்ததுண்டு. கொலம்பியாவின் ஆறுகளிலும் ரஷ்யாவின் யூரல் மலையடிவாரத்திலும் மணலை அரித்து அதை எடுத்தார்கள். ஆனால் தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்ட் பாறைகளில் பிளாட்டினத்தின் பெரும்பகுதி வேறு தனிமங்களோடு சேர்ந்து, கனிமங்களாக ஒளிந்திருக்கிறது. கந்தகத்தோடு சேர்ந்தால் கூப்பரைட், பல்லேடியமும் நிக்கலும் உடன் சேர்ந்தால் பிராகைட், ஆர்சனிக்கோடு சேர்ந்தால் ஸ்பெர்ரிலைட். இவற்றில் என் மனம் நின்றுவிட்ட கனிமம் ஸ்பெர்ரிலைட். ஆர்சனிக் என்பது நம் சித்த மருத்துவ ஏடுகளில் தாளகம், மனோசிலை, வெள்ளைப் பாஷாணம் என்ற பெயர்களில் வரும் பொருள்களுக்குள் உறையும் அதே தனிமம்தான். ஒரு பங்கு பிளாட்டின அணுவுக்கு இரண்டு பங்கு ஆர்சனிக் அணு என்பது ஸ்பெர்ரிலைட்டின் கணக்கு. பிளாட்டின அணு கனமானது என்பதால், எடையில் பார்த்தால் நூற்றுக்கு ஏறக்குறைய 56.5 பங்கு பிளாட்டினமாகவும் மீதி ஆர்சனிக்காகவும் இருக்கும். மோதிரமாகும் உலோகம், மண்ணுக்குள் இருந்த காலமெல்லாம் நஞ்சோடு கைகோத்துக் கிடந்தது என்பதை அந்தப் பெண்ணிடம் பந்தியில் வைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதன்முதலாக அதைக் கையில் வாங்கிப் பார்த்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. சுத்திகரிக்காத பிளாட்டினத்தை அனுமதிச் சீட்டு இல்லாமல் வைத்திருப்பது இந்த நாட்டில் குற்றம். எனவே எங்கள் கூடத்தில் அந்த மணிகள் இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வைக்கப்பட்டு, எடை எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வெளியே வரும். மூத்த வேதியியலாளர் ஒருவர் கறுப்புக் காகிதத்தை விரித்து, அதன் நடுவே ஒரேயொரு மணியை வைத்தார். கடுகு அளவுதான். ஆனால் அதே அளவுள்ள கடுகைவிட ஏறத்தாழ பத்து மடங்கு கனம். கைலென்ஸை வைத்துக் குனிந்தபோது, அது உருண்டையாக இல்லாமல், கனசதுரம் ஒன்றின் மூலைகளையும் விளிம்புகளையும் யாரோ பொறுமையாகச் சீவிவிட்டதுபோல் பல சிறு முகங்களோடு இருந்தது. ஒவ்வொரு முகத்திலும் கூரையில் எரிந்த குழல்விளக்கு ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. காகிதத்தைக் கொஞ்சம் சாய்த்ததும் ஒரு முகம் அணைந்து அடுத்த முகம் எரிந்தது. வெள்ளியின் வெண்மையில் ஓர் இளஞ்சூடு உண்டு. இதன் வெண்மையோ புதிதாக ஈயம் பூசிய பாத்திரத்தின் உட்புறம்போல் குளிர்ந்தது.

என் தாத்தா டர்பனில் கிரே ஸ்ட்ரீட்டை ஒட்டிய சந்து ஒன்றில் ஆசாரி வேலை செய்தவர். அவரிடம் இருந்த உரைகல்லில் நகையை உரைத்து, விழுந்த கோட்டைப் பார்த்தே மாற்றுச் சொல்லிவிடுவார். தங்கம் மென்மையானது, கல்லில் தன் நிறத்தை அப்படியே விட்டுச் செல்லும். ஸ்பெர்ரிலைட்டை உரைகல்லோடு பழகியவர்கள் கண்டால் குழம்பிப்போவார்கள். அதன் கடினம் மோஸ் அளவுகோலில் 6க்கும் 7க்கும் இடைப்பட்டது, அதாவது கத்தியின் முனை அதைக் கீறாது, அது கண்ணாடியைக் கீறும். வெளியே அத்தனை வெண்மையாக மின்னுவதை இடித்துப் பொடியாக்கினால் கிடைப்பது கறுப்புத் தூள். தூய பிளாட்டினமோ கடினத்தில் 4ஐ ஒட்டியது, சுத்தியால் தட்டத் தட்டத் தகடாக நீளும். ஸ்பெர்ரிலைட்டின் மேல் சுத்தி விழுந்தால் சங்கு உடைவதுபோல் வளைவு வளைவாகச் சிதறிவிடும். உலோகப் பளபளப்பு இருந்தும் உலோகக் குணம் இல்லை.

இதற்குக் காரணம் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதம். சமையல் உப்பில் சோடியமும் குளோரினும் மாறி மாறி நிற்கும் கனசதுர அடுக்கை நினைத்துக்கொள்ளுங்கள். சோடியத்தின் இடத்தில் பிளாட்டினத்தையும், குளோரினின் இடத்தில் ஒன்றையொன்று கட்டிக்கொண்ட இரண்டு ஆர்சனிக் அணுக்களையும் வைத்தால் ஸ்பெர்ரிலைட் ஆகிவிடும். பார்ப்பவர்கள் தங்கமென்று ஏமாறும் பைரைட் என்ற இரும்புக் கனிமத்துக்கும் இதே அடுக்குதான், ஆகவேதான் இரண்டும் ஒரே குடும்பமாக எண்ணப்படுகின்றன. ஒவ்வொரு பிளாட்டின அணுவையும் ஆறு ஆர்சனிக் அணுக்கள் சூழ்ந்து இறுக்கமாகப் பிடித்திருக்கின்றன. தூய உலோகத்தில் ஓர் அடுக்கு இன்னோர் அடுக்கின் மேல் வழுக்கிச் செல்லலாம், அதனால்தான் அது கம்பியாகவும் தகடாகவும் வளைகிறது. இங்கே அப்படி வழுக்க இடமில்லை. அடர்த்தி 10.6 என்பதையும் இந்த அடுக்கே சொல்லிவிடுகிறது: பைரைட் 5, ஈயம் 11.3, தூய பிளாட்டினம் 21.4 என்று வைத்துப் பார்த்தால், கூட்டாளியாகச் சேர்ந்த ஆர்சனிக் பிளாட்டினத்தின் கனத்தைப் பாதியாகக் குறைத்திருப்பது தெரியும்.

பெயர் வந்த கதை கனடாவிலிருந்து தொடங்குகிறது. ஒண்டாரியோ மாநிலத்தின் சட்பரி வட்டாரத்தில் வேதியியலாளராக இருந்த பிரான்சிஸ் லூயிஸ் ஸ்பெர்ரி, வெர்மிலியன் சுரங்கத்துப் பொருளில் கனமான, பளிச்சிடும் மணிகளைக் கவனித்தார். யேல் பல்கலைக்கழகத்தின் ஹொரேஸ் வெல்ஸ் அவற்றை ஆராய்ந்து, 1889இல் புதிய கனிமமென்று அறிவித்து ஸ்பெர்ரியின் பெயரைச் சூட்டினார். படிகங்களின் முகங்களை அளந்தவர் சாமுவேல் பென்பீல்டு. அன்றைய ஆராய்ச்சிக் குறிப்புகளில் என்னைக் கவர்ந்த ஒரு சோதனை உண்டு. செந்தழலாகச் சுடவைத்த பிளாட்டினத் தகட்டின் மேல் இந்த மணியைப் போட்டால், அது நொடியில் உருகி, வெண்புகையை விட்டுவிட்டு, தகட்டின் மேல் பஞ்சுபோன்ற புடைப்புகளாக நின்றுவிடும். அந்தப் புடைப்புக்கும் தகட்டுக்கும் நிறத்தில் வேற்றுமை இராது. புகையாகப் போனது பாஷாணம், நின்றது பிளாட்டினம். வீட்டிலோ பள்ளியிலோ இதை யாரும் செய்து பார்க்கக் கூடாது, அந்த வெண்புகை உயிரைக் குடிக்கும் ஆர்சனிக் ஆக்சைடு.

இந்தப் பிணைப்பைப் பிரித்தும் சேர்த்தும் பயன்படுத்திக்கொள்ள மனிதர்கள் முன்பே கற்றிருந்தார்கள் என்பது வியப்பானது. தூய பிளாட்டினம் உருக 1768 டிகிரி செல்சியஸ் வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் உலைகளுக்கு அந்தச் சூடு எட்டாது. ஆனால் ஆர்சனிக்கைச் சேர்த்தால் அந்தக் கலவை அதைவிட மிகக் குறைந்த சூட்டிலேயே இளகிவிடும். ஃபிரான்ஸ் கார்ல் ஆஷார் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1784இல் இப்படி இளக்கி, அச்சில் வார்த்து, பிறகு சுட்டுச் சுட்டு ஆர்சனிக்கை ஓட்டி ஒரு பிளாட்டின மூசையை, அதாவது உருக்கும் கிண்ணத்தை, செய்து முடித்தார். பாரிஸில் ஜானெட்டி என்ற பொற்கொல்லரும் அதே வழியில் வேலை செய்தார். மெட்ரிக் முறைக்கான முதல் பிளாட்டின அளவுகோல்களும் எடைக்கற்களும் அவர் கையில் உருவான உலோகத்திலிருந்து வந்தவை. ஸ்பெர்ரிலைட் என்ற கனிமம் இருப்பதே தெரியாத காலத்தில், அதன் இரு பங்காளிகளையும் பொற்கொல்லர்கள் உலையில் கூட்டிவைத்துக்கொண்டிருந்தார்கள். என் தாத்தாவுக்கு இதைச் சொல்லியிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

இனி, பிறப்புக்கு வருவோம். பூமியின் மேலோட்டில் ஒரு டன் பாறைக்குச் சில மில்லிகிராமுக்கு மேல் பிளாட்டினம் இராது. அப்படிப் பரவிக் கிடப்பதை ஒரே இடத்தில் திரட்டிக் கடுகளவு மணியாக்க ஏதோ ஒன்று உழைத்திருக்க வேண்டும். அந்த உழைப்பாளி கந்தகம்.

மேக்மாவை நாம் தமிழில் பாறைக்குழம்பு என்கிறோம், அந்தச் சொல் இங்கே மிகப் பொருத்தமாக அமைந்துவிட்டது. அடுப்பிலிருந்து இறக்கிய குழம்பு ஆறும்போது, அதுவரை கலந்திருந்த எண்ணெய் பிரிந்து துளித்துளியாக நிற்பதை எல்லோரும் பார்த்திருப்போம். பூமியின் ஆழத்திலிருந்து எழும் பாறைக்குழம்பிலும் ஓரளவுக்குக் கந்தகம் கரைந்திருக்கும். குழம்பு குளிரும்போதோ, வழியில் கந்தகம் செறிந்த பாறைகளைக் கரைத்து விழுங்கும்போதோ, அளவுக்கு மிஞ்சிய கந்தகம் இரும்பு, நிக்கல், செம்பு ஆகியவற்றைக் கூட்டிக்கொண்டு தனித் திரவமாகப் பிரிந்துவிடும். சமையலறை எண்ணெயைப்போல் இது மேலே மிதக்காது, கனமென்பதால் கீழே இறங்கும். இறங்கும் வழியில் சுற்றியுள்ள குழம்பிலிருந்து பிளாட்டினத்தை உறிஞ்சிக்கொள்ளும். பாறைக்குழம்பில் தங்குவதைப்போலப் பத்தாயிரக்கணக்கான மடங்கும் அதற்கு மேலும் பிளாட்டினம் இந்தத் துளிகளுக்குள் சென்றுவிடும் என்பதைச் சோதனைச்சாலைகளில் அளந்திருக்கிறார்கள். ஆர்சனிக்கும் அதே துளிகளைத்தான் நாடும். பிளாட்டினமும் பாஷாணமும் முதலில் சந்திப்பது இங்கேதான்.

துளி ஆறத் தொடங்கி ஏறத்தாழ 1000 டிகிரியை நெருங்கும்போது, இரும்பும் நிக்கலும் கந்தகமும் சேர்ந்த திடப்பொருள் முதலில் உறைகிறது. அதன் அடுக்குக்குள் பிளாட்டினத்துக்கும் ஆர்சனிக்குக்கும் சரியான இடம் கிடைப்பதில்லை. எனவே இரண்டும் இன்னும் உறையாத மிச்சத் திரவத்துக்குத் தள்ளப்படுகின்றன. திடப்பொருள் வளர வளர மிச்சம் சுருங்கும், சுருங்கச் சுருங்க அவை நெருங்கும், ஒரு கட்டத்தில் கைகோத்துப் படிகமாகிவிடும். ஆர்சனிக் தாராளமாக இருந்தால் இந்தச் சேர்க்கை இன்னும் முன்னதாகவே, உயர்ந்த வெப்பத்திலேயே நடந்துவிடலாம். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், உருக்கிய கந்தகத் திரவத்தைச் சட்டென்று உறையவைத்துப் பார்த்தபோது, படிகம் பிறப்பதற்கு முன்பே பிளாட்டினமும் ஆர்சனிக்கும் நானோ அளவுத் திரள்களாகக் கூடியிருந்தது தெரியவந்தது. கனிமமாவதற்கு முன்பே அவை ஒன்றையொன்று தேடிக் கண்டுகொண்டிருக்கின்றன என்பதை அந்தக் கட்டுரையில் வாசித்த இரவு எனக்கு நெடுநேரம் தூக்கம் வரவில்லை.

இந்தக் கனிமம் முதலில் அறியப்பட்ட சட்பரி ஒரு விண்கல் மோதிய பள்ளம், வயது ஏறக்குறைய 185 கோடி ஆண்டுகள். சைபீரியாவில் நோரில்ஸ்க் அருகே தால்நாக்கில் கிடைக்கும் பெரிய படிகங்கள், 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அந்நிலத்தை மூடிய எரிமலைப் பெருக்கோடு தொடர்புடையவை. நம் புஷ்வெல்ட் இந்த இரண்டையும்விட மூத்தது. 205 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பாறைக்குழம்பு மேலோட்டுக்குள் புகுந்து, அலை அலையாகப் படிந்து, ஏழெட்டுக் கிலோமீட்டர் தடிமனுக்கு அடுக்கடுக்காக உறைந்தது. அதன் பரப்பு ஏறக்குறைய 65,000 சதுர கிலோமீட்டர், கிட்டத்தட்ட இலங்கைத் தீவின் அளவு. மூன்று இடங்களின் வரலாறும் வேறு வேறு. ஆனாலும் மூன்றிலும் கந்தகத் துளி பிரிந்தது, மூன்றிலும் இதே கனிமம் பிறந்தது.

புஷ்வெல்டில் பிளாட்டினம் இருப்பதை உலகுக்குக் காட்டிய ஆண்டு 1924. பர்கர்ஸ்போர்ட் அருகே மாண்டாக்ஸ்ஹூக் பண்ணையின் வறண்ட ஓடையில் மணலை அரித்த ஆண்ட்ரீஸ் லொம்பார்ட் என்ற விவசாயி, தட்டில் நின்ற வெண்மணிகளை நிலவியலாளர் ஹான்ஸ் மெரென்ஸ்கியிடம் சேர்ப்பித்தார். மெரென்ஸ்கி மலையடிவாரத்தில் நடந்து நடந்து மூல அடுக்கைக் கண்டார், அவர் பெயரால் அது மெரென்ஸ்கி ரீஃப் ஆயிற்று. பல இடங்களில் ஒரு மீட்டர் தடிமனும் இல்லாத அந்த அடுக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொடர்ந்து செல்வது, நிலவியலில் நான் அறிந்தவற்றுள் மிகப் பெரிய அதிசயம். ருஸ்டன்பர்க் பக்கத்து அடுக்கில் பெரும்பாலும் கூப்பரைட்டும் பிராகைட்டும்தான் கண்ணில் படும். எக்ஸ் கதிரின் துணையால் கண்டுபிடிக்கப்பட்ட முதல் கனிமம் என்ற பெருமை 1932இல் பிராகைட்டுக்குக் கிடைத்தது, அதுவும் இந்நாட்டுத் தாதுவிலிருந்துதான்.

ஸ்பெர்ரிலைட்டைத் தேடுகிறவர்கள் வடக்கே போக வேண்டும். பிரிட்டோரியாவிலிருந்து என்1 நெடுஞ்சாலையில் 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் மொகோபானே வரும், பழைய பெயர் பொட்கீட்டர்ஸ்ரஸ். அதன் வடமேற்கில் ட்வீபொன்டெயின் என்ற பண்ணைக் குன்று இருக்கிறது. ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் அதற்கு இரட்டை ஊற்று என்று பொருள். உலகத்து அருங்காட்சியகங்களில் தென்னாப்பிரிக்க ஸ்பெர்ரிலைட் என்று காட்டப்படும் அழகிய படிகங்களுள் பல இந்தக் குன்றைச் சேர்ந்தவை. புஷ்வெல்டின் இந்த வடக்குக் கிளையில் பாறைக்குழம்பு, தனக்கு முன்பே அங்கிருந்த சுண்ணப் பாறை, களிப்பாறை, இரும்புப் பாறை ஆகியவற்றின் மேல் நேரடியாகப் படிந்து, அவற்றைச் சுட்டுக் கரைத்து உள்வாங்கியது. கந்தகத்தோடு ஆர்சனிக்கும் அப்படி வந்து சேர்ந்திருக்கும் என்பது நிலவியலாளர்கள் பலர் ஏற்கும் விளக்கம். பிறகு, கோடிக்கணக்கான ஆண்டு மழையிலும் வெயிலிலும், கூட இருந்த இரும்பு, செம்புக் கனிமங்கள் துருப்பிடித்துக் கரைந்தன. தங்கத்தையே கரைக்கும் இராஜ திராவகம்கூட மெல்லத்தான் தீண்டும் ஸ்பெர்ரிலைட், செம்மண்ணுக்குள் முகம் மங்காமல் தங்கிவிட்டது.

அந்தக் கடினமும் அந்தக் கனமும் ஒருமுறை என்னைப் பெரும் சங்கடத்தில் மாட்டிவிட்டன. 2011 டிசம்பரில் வடக்குக் கிளையிலிருந்து மேற்பரப்பு மண் மாதிரிகள் வந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் 50 கிராமை எடுத்து, மிருதார்சிங்கி என்ற ஈய ஆக்சைடு, சோடா, வெங்காரம், ஒரு கரண்டி மாவு ஆகியவற்றோடு மூசையில் போட்டு உருக்குவது வழக்கம். மாவின் கரி மிருதார்சிங்கியை ஈயமாக மாற்றும், ஈயம் கீழிறங்கும்போது பிளாட்டினத்தை அள்ளிக்கொண்டு போகும். (உலைக்குள் நாங்கள் ஈயத்துளியால் செய்ததைத்தான் பூமி கந்தகத் துளியால் செய்திருக்கிறது.) அந்த ஈயக் குண்டைச் சாம்பல் கிண்ணத்தில் வைத்துச் சுட்டால், கிண்ணம் ஈயத்தைக் குடித்துவிட்டு ஒரு சிறு மணியை விட்டுவைக்கும். அதைக் கரைத்து அளப்போம். ஒரே பையிலிருந்து எடுத்த இரண்டு பங்குகளில் ஒன்று டன்னுக்கு 3.2 கிராம் என்றும் மற்றொன்று 18.4 கிராம் என்றும் காட்டியது. எடை போட்டதில் நான் தவறிவிட்டேன் என்று மேலாளர் எல்லோர் முன்னாலும் சொன்னார். என் எடைப் புத்தகம் சரியாக இருந்தது.

அன்று மாலை, மீதமிருந்த மாதிரி முழுவதையும் 106 மைக்ரான் சல்லடையில் போட்டுச் சலித்தேன். வேலை குவிந்திருந்ததால் அரவை நேரத்தைக் குறைத்திருந்தார்கள், அதனால் தூள் சீராக இல்லை. சல்லடையின் மேல் நின்ற மணலை நுண்ணோக்கியில் வைத்தபோது, பழுப்பு நிறக் குருணைகளுக்கு நடுவே மூன்று வெண்மணிகள் கிடந்தன. பெரியதன் குறுக்களவு அரை மில்லிமீட்டர், ஒரு பக்கம் உடைந்து வளைவாகத் தெரிந்தது, மறுபக்கம் இன்னும் முகங்கள் ஒளிர்ந்தன. கணக்குப் போட்டேன். அரை மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரத்தின் எடை 1.3 மில்லிகிராம், அதில் பிளாட்டினம் 0.75 மில்லிகிராம். அப்படி ஒரேயொரு மணி 50 கிராம் பங்கில் விழுந்தால் போதும், முடிவு டன்னுக்கு 15 கிராம் ஏறிவிடும். 18.4இலிருந்து 15ஐக் கழித்தால் 3.4. முதல் பங்கின் 3.2க்கும் அதற்கும் பெரிய வேற்றுமை இல்லை.

தாளை மேலாளரின் மேசையில் வைத்து, மூன்று மணிகளையும் எடை எழுதிப் பெட்டியில் பூட்டினேன். மறுநாள் காலை அவர் வந்து நுண்ணோக்கியில் அவற்றை வெகுநேரம் பார்த்தார். அந்த வாரத்திலிருந்து வடக்குக் கிளை மாதிரிகளை முதலில் சலித்து, சல்லடையின் மேல் நிற்பதைத் தனியாகவும் கீழே விழுவதைத் தனியாகவும் உருக்கத் தொடங்கினோம்.